துரை குடமேறிச் செம்பூர் போனது

குடம் கனக்கிறது என்று சொரிமுத்து வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இத்தனை அமளி வந்திருக்காது. ஆனால் வாயைத் திறக்காத சொரிமுத்துவை தாராவியில் யார் பார்த்திருக்கிறார்கள்? தூக்கத்தில்கூடப் பேசுகிறவன் என்று அடுத்த கோலியில், அதாவது அடுத்த ஒற்றை அறையில், குடியிருக்கும் ரோசம்மா சொல்வாள். இரண்டு கோலிக்கும் நடுவில் இருப்பது ஒற்றைத் தகரத் தடுப்பு. ஆகவே நம்பத்தான் வேண்டும்.

வாரத்தில் ஆறு நாள் அவன் டிரங்குப் பெட்டி செய்யும் பட்டறையில் தகரம் அடிப்பவன். ஏழாவது நாள் எங்கேயாவது கொடை விழா வந்தால், நெல்லையப்பன் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பவன். ஆறு நாள் தகரத்தைத் தட்டி நிமிர்த்திய கை, ஏழாம் நாள் மண்குடத்தின் முன்னால் உட்கார்ந்ததும் பூப்போல ஆகிவிடுமா என்ன? போன சித்திரையில் மாகிம் பக்கம் ஒரு கொடையில், கதை உச்சத்துக்கு ஏறுகிற நேரம் பார்த்து ஓங்கி ஒன்று வைத்தான். குடம் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர் மடியில் போய் உட்கார்ந்தது. தலைப்பாட்டுக்காரரான நெல்லையப்பன் அன்றைக்குப் பாட்டை எப்படியோ முடித்தார். மறுநாள் வீடு தேடி வந்து சொன்னார்.

"ஏல சொரிமுத்து, நீ அடிக்க அடியில நான் பாடுதது எனக்கே கேக்க மாட்டேங்கு. இன்னும் ஒரே ஒரு தடவ பாப்பேன். அதுலயும் ஏதாவது ஏடாகூடம்னா குடத்துல என் மச்சினன உக்கார வச்சிருவேன். நீ தகரம் அடிக்கதோட நிறுத்திக்க."

அந்த மச்சினன் குழுவில் ஜால்ரா தட்டுகிறவன். பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்ப்பதுபோல எப்போதும் குடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். சொரிமுத்துவுக்கோ அந்தக் குடத்தை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது. பட்டறையில் அவன் பத்துப் பேரில் ஒருவன். முதலாளி சேட் இன்றுவரை அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குடத்தின் முன்னால் உட்கார்ந்தால்தான் அவன் 'நம்ம கொடக்காரர் சொரிமுத்து.'

மச்சினனுக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரே ஒரு தடவைதான் செம்பூர் இசக்கியம்மன் கொடை. பம்பாயில் டிராம் நின்றுபோன மறு வருஷம் அது. ஊரில் இசக்கிக்குச் செவ்வாய்க்கிழமைதான் விசேஷம். பம்பாய்க்கு வந்த இசக்கி ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிக்கொண்டாள். மில்லுக்கும் பட்டறைக்கும் அன்றைக்குத்தானே லீவு. வருஷா வருஷம் திருநெல்வேலியிலிருந்து ரயிலேற்றிக் கூட்டிவரும் குழு இந்தத் தடவை வர முடியாமல் போக, வாய்ப்பு நெல்லையப்பனுக்கு வந்தது. மதியக் கொடைக்குப் பாட்டு.

நெல்லையப்பன் குழுவில் குடத்துக்கென்று ஒரு முறை உண்டு. முந்தின நாள் மஞ்சள் தண்ணீரில் கழுவி, காயவைத்து, சாம்பிராணிப் புகை காட்டி, விடிவதற்குள் வாயில் புது மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டிவிட வேண்டும். அம்மன் முன்னால் போய்த்தான் அவிழ்க்க வேண்டும். நடுவில் உள்ளே எட்டிப் பார்த்தால் குடத்தின் நாதம் ஓடிப்போகும். சொரிமுத்து இதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தான். கழுவிய குடத்துக்குள் தன் பழைய வேட்டி ஒன்றை மடித்துப் போட்டு, குளிர் படாமல் மூலையில் வைத்தான். விடியற்காலை இருட்டில், பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டே துணியைக் கட்டினான்.

கண்ணைத் திறந்திருக்கலாம்.

கட்டி முடித்துத் தூக்கினான். குடம் கனத்தது. நேற்றைக்கு ஒரு கையில் தூக்கிய குடம் இன்றைக்கு இடுப்பை ஒடித்தது. சொரிமுத்துவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஏட்டி ஆறுமுகத்தாயி, இங்க வா. கொடத்தத் தூக்கிப் பாரு. அம்மன் வந்து எறங்கிட்டா."

அவன் பெண்டாட்டி ஆறுமுகத்தாய் அப்போது வாசலில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் "துரை, துரை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். துரை அவர்கள் வீட்டுப் பூனை. செம்பட்டை நிறம், வெளுத்த கண், யாரையும் மதிக்காத நடை. அதனால் அந்தப் பெயர். ஆண் பூனை என்று முடிவு கட்டியதும் சொரிமுத்துதான். எதைப் பார்த்து அப்படிக் கட்டினான் என்று யாரும் கேட்டதில்லை. கொஞ்ச நாளாகத் துரைக்கு வயிறு பெருத்திருந்ததை, நாகூர் மீரான் கடை மீன்தலையின் மகிமை என்று எல்லாரிடமும் சொல்லி வந்தான்.

"ராத்திரி கூட இங்கதான் சுத்திக்கிட்டுக் கெடந்துது. காணோமே" என்றாள் ஆறுமுகத்தாய்.

"அது ஊரு மேயப் போயிருக்கும். நான் என்ன சொல்லுதேன், நீ என்ன சொல்லுத? அம்மன் வந்துருக்காங்கேன்."

அவளும் தூக்கிப் பார்த்தாள். கனம் உண்மைதான். குடத்தின் வயிறு வெதுவெதுவென்று இருந்தது. அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தாராவியை விட்டுக் கிளம்புமுன் அந்த வரிசையில் இருந்த பாதிப் பேர் குடத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டார்கள். நெல்லையப்பன் வந்து காதை வைத்துக் கேட்டார். உள்ளேயிருந்து 'ம்ர்ர்ர்' என்று ஒரு ரீங்காரம். மனிதர் முகம் மாறிவிட்டது.

"முப்பது வருசமாப் பாடுதேன். இப்படி ஒரு நாதம் கேட்டதில்ல" என்றார். மச்சினனுக்குத்தான் அது பிடிக்கவில்லை. கேட்கிறமாதிரி ஒன்றும் இல்லையே என்று மூன்று தடவை காதை வைத்து வைத்துப் பார்த்தான்.

சயானில் பஸ் ஏறும்போது சண்டை. கண்டக்டருக்குக் குடம் பிரச்சினையில்லை. ஆளைவிட நீளமான வில்தான் பிரச்சினை.

"ஏ க்யா ஹை? இத்னா லம்பா பாம்பூ பஸ் மே நஹி சலேகா." இவ்வளவு நீள மூங்கிலைப் பஸ்ஸில் ஏற்ற முடியாதாம்.

சொரிமுத்துவுக்கு இந்தி தகரம் அடிப்பதுபோலத்தான் வரும். "பாம்பூ நஹி சாப். பகவான் கா சாமான். மட்கா மே தேவி ஹை. தேவி. சுனோ." குடத்துக்குள் தேவி இருக்கிறாள், காதை வைத்துக் கேளுங்கள் என்றான்.

கண்டக்டர் சிரித்துக்கொண்டே குனிந்து காதை வைத்தான். குடம் ரீங்கரித்தது. சிரிப்பு நின்றது. டிக்கெட் பையை ஒதுக்கிவிட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பைட்டோ, பைட்டோ" என்று ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துக் கொடுத்தான். வில் இருக்கைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டது. குடம் ஆறுமுகத்தாய் மடியில் ஏறியது. பஸ்ஸில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டுக் கும்பிட்டார்கள். ஒரு மராட்டிக்கார அம்மாள் தலையிலிருந்த பூவை எடுத்துக் குடத்துக்கு வைத்தாள்.

ஆறுமுகத்தாய்க்கு மட்டும் மனசு சரியாக இல்லை. குடத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு புலம்பினாள். "எங்க போச்சோ தெரியலயே. நாய் கீய் வெரட்டிட்டுதோ. பால்கூட வச்சிட்டு வரல."

"அம்மன மடியில வச்சுக்கிட்டுப் பூனையப் பத்திப் பேசுதியே, கேக்கா பாரு" என்று அதட்டினான் சொரிமுத்து.

கேட்கத்தான் செய்தது. அவள் குரல் எழும்பும்போதெல்லாம் ரீங்காரம் கூடியது.

அதே பஸ்ஸில் கொடைக்குப் போகிற செம்பூர்ப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பஸ் நின்றதுமே அவர்கள் ஓட்டமாக ஓடிவிட்டார்கள். நெல்லையப்பன் குழு வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை திரும்பும்போது எதிரே மேளம் வந்தது. மேளத்துக்குப் பின்னால் நூறு பேர். பெண்கள் போட்ட குலவையில் கூரைத் தகரம் அதிர்ந்தது. கொடைக் கமிட்டித் தலைவர் கணேசபாண்டியன் பெரிய சாமந்தி மாலையோடு முன்னால் வந்தார். நெல்லையப்பன் கழுத்தை நீட்டினார். மாலை அவரைத் தாண்டிக் குடத்துக்குப் போனது.

"பத்து வருசமா கொட நடத்துதேன். ஒரு குழுவும் அம்மனக் கூட்டிக்கிட்டு வந்ததில்ல" என்றார் கணேசபாண்டியன்.

சொரிமுத்து குடத்தை ஏந்திக்கொண்டு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளை ஊர்வலத்தில்கூட அவன் அப்படி நடக்கவில்லை. அவன் காலில் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். யாரோ விசிறினார்கள். மச்சினன் கடைசியில் ஜமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அரசமரத்தடியில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். இடுப்பில் குழந்தையோடு இசக்கி நின்றாள். அவளுக்கு எதிரே வில்லைப் பூட்டி, பக்கத்தில் பிரிமணை போட்டு அதன்மேல் குடத்தை வைத்தார்கள். கணேசபாண்டியன் சூடம் காட்டி, குடத்தின் வாயில் கட்டியிருந்த மஞ்சள் துணியின் நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

எலுமிச்சம்பழம் ஆடியது.

முன்வரிசை ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தது. பழம் இன்னொரு முறை ஆடி, உருண்டு கீழே விழுந்தது. ஒரு பெண் "ஆத்தா" என்று கூந்தலை அவிழ்த்துக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். குலவை வானத்தைத் தொட்டது. எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்த அந்த நேரத்தில், குடத்துக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்த சொரிமுத்து மட்டும் கண்ணைத் திறந்திருந்தான். மஞ்சள் துணி மெல்ல மேலே புடைத்தது. புடைப்பின் இரண்டு பக்கமும் இரண்டு முனை எழும்பின.

காது.

தன் வேட்டியைக் குனிந்து பார்த்தான். குடத்தை அணைத்துவந்த இடத்தில் செம்பட்டை மயிர் நாலைந்து ஒட்டியிருந்தது. குலவை கொஞ்சம் ஓய்ந்த இடைவெளியில், உள்ளேயிருந்து ஊசிமாதிரி ஒரு கீச்சுக் குரல். பிறகு இன்னொன்று. அது துரையின் குரல் இல்லை. துரையோடு உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள்.

சொரிமுத்து எழுந்து குடத்தைத் தூக்கப் போனான். "அண்ணாச்சி, இத ஒரு நிமிசம் கோயிலுக்குப் பின்னால கொண்டு போயி..."

கணேசபாண்டியன் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "என்ன வே நீரு? அம்மன் உக்காந்துருக்கா, தூக்கிட்டுப் போறேங்கீரு? துணியும் அவுக்கப்பிடாது. கட்டுனது கட்டுனபடியே இருக்கட்டும். அப்படியே அடியும்."

"அப்படியேவா?"

"பொறவு? அம்மன் எறங்குன கொடத்து நாதத்தக் கேக்கத்தான இம்புட்டு சனமும் நிக்கி."

நெல்லையப்பன் வீசுகோலை எடுத்து வில்லின் நாணைத் தட்டினார். மணிகள் குலுங்கின. காப்புப் பாட்டை எடுத்தார். பாட்டின் முதல் அடி முடியும் இடத்தில் குடத்தில் தட்டு விழ வேண்டும். சொரிமுத்து குடம் அடிக்கும் மட்டையை ஓங்கினான். துணிக்குக் கீழே அந்த இரண்டு முனையும் அவன் பக்கம் திரும்பின.

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது.

நெல்லையப்பன் திரும்பிப் பார்த்து, பாட்டை நிறுத்தாமல் அதே அடியை மறுபடி பாடினார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். சொரிமுத்துவின் கை இறங்கவில்லை. மூன்றாவது தடவையும் அதே அடி. பின்னால் மச்சினன் ஜால்ராவைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை இறுக்கிக் கட்டுவது தெரிந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். மெதுவாகத் தட்டலாம். ஆனால் தன் கையைப் பற்றி சொரிமுத்துவுக்கே தெரியும். மாகிமில் பறந்த அந்தப் பாதிக் குடம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

மட்டையைத் தரையில் வைத்தான்.

"அண்ணாச்சி, இதுல அம்மன் இல்ல" என்றான். "எங்க வீட்டுப் பூன."

மேளம் அடித்தவன் கைகூட நின்றுபோனது. சாமியாடிய பெண் அரைச் சுற்றில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்ன வே சொன்னீரு?" கணேசபாண்டியன் முகம் கறுத்தது. "நான் மால போட்டது பூனைக்கா?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. இருட்டுல கட்டிட்டேன்."

பெண்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆறுமுகத்தாய் வந்தாள். முறையாவது, நாதமாவது; ஒரே இழுப்பில் துணியை அவிழ்த்தாள். சாமந்தி மாலைக்கு நடுவிலிருந்து துரை தலையை நீட்டியது. நூறு பேரையும் ஒரு பார்வை பார்த்து, கொட்டாவி விட்டு, மறுபடி உள்ளே குனிந்து எதையோ நக்க ஆரம்பித்தது.

"ஆத்தாடி" என்றாள் ஆறுமுகத்தாய். "துரை பெத்துருக்கான்."

"ஆம்பளப் பூன பெத்துருக்கா?" என்றார் நெல்லையப்பன்.

"மூணு கெடக்கு. நாலாவது வருது."

சொரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷம் ஒரே கோலியில் கூட இருந்த பூனை ஆணா பெண்ணா என்று தெரியாதவனுக்கு அம்மன் வந்தது மட்டும் எப்படித் தெரிந்தது என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். சிரிப்பு எழும்பியது. ஆனால் கமிட்டிக்காரர்கள் சிரிக்கவில்லை. அம்மன் சன்னதியில் பிள்ளைப்பேறு. தீட்டு. கொடையை நிறுத்த வேண்டியதுதான் என்றார் ஒருவர். மனுஷருக்குப் பத்து நாள், பூனைக்கு மூன்று நாள் போதும் என்றார் இன்னொருவர். பஸ்ஸிலேயே ஆரம்பித்திருந்தால் தீட்டு பஸ்ஸோடு போச்சு, நமக்கில்லை என்று மூன்றாவது ஆள் நியாயம் பேசினார். அப்படிப் பார்த்தால் எந்தக் குட்டி எந்த ஸ்டாப்பில் பிறந்தது என்று கண்டக்டரைத்தான் கேட்க வேண்டும்.

கணேசபாண்டியன் சொரிமுத்துவைச் சுட்டிக்காட்டி, "இந்த ஆள மொதல்ல வெளிய தள்ளுங்க. பூனையையும் சேத்து" என்றார்.

அப்போதுதான் அவர் பெண்டாட்டி செண்பகவல்லி பொங்கல் கரண்டியோடு முன்னால் வந்தாள். ஏழு பெற்றவள். கமிட்டிக்குத் தலைவர் அவர். வீட்டுக்கு யார் என்பது செம்பூருக்கே தெரியும்.

"ஏங்க, இசக்கி இடுப்புல என்ன இருக்குன்னு கொஞ்சம் கண்ணத் தெறந்து பாருங்க."

கணேசபாண்டியன் பார்த்தார். பதிலை அவளே சொன்னாள்.

"பிள்ள. அவ சன்னதியில வந்து பெத்தவள வெளிய தள்ளுங்கியளே, அவளும் கூட எறங்கிப் போயிட்டா நாளைக்கு யாருக்குக் கொட குடுப்பிய? இன்னைக்கு அவ பாட்டுக் கேக்கணுங்கா. பாடச் சொல்லுங்க."

அவள் கரண்டியை ஓங்கவில்லை, பிடித்திருந்தாள், அவ்வளவுதான். தீட்டு முடிந்துபோனது. பெண்கள் மறுபடி குலவை போட்டார்கள். இந்தத் தடவை துரைக்கு. யாரோ ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்தார்கள்.

பாடலாம். ஆனால் எதை வைத்து அடிப்பது? குடம் பிள்ளைப்பேற்று அறையாகிவிட்டது. செண்பகவல்லி பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய், குடிக்கிற தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒரு மட்காவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடையில் வாங்கிய தண்ணீர்ப் பானை. அப்பளம்போல மெல்லிசு.

நெல்லையப்பன் அதை விரலால் சுண்டிப் பார்த்தார். சொரிமுத்துவைப் பார்க்கவில்லை. "மச்சினா, வந்து உக்காரு."

மச்சினன் ஆசையாக வந்தான். பானையைத் தொட்டான். உதட்டைப் பிதுக்கினான். "அத்தான், இது ரெண்டாவது அடிக்கு ஒடஞ்சிரும். மொத நாளே ஒடஞ்ச கொடத்தோடயா ஆரம்பிக்கது? எனக்கு ராசியில்ல" என்று ஜால்ராவுக்கே திரும்பிவிட்டான்.

நெல்லையப்பன் பெருமூச்சு விட்டார். "ஏல, வா. ஒடச்சுட்டு வீட்டுக்குப் போ."

சொரிமுத்து உட்கார்ந்தான். ஒரு முழம் தள்ளிக் குடத்துக்குள் துரை நான்கு குட்டிகளோடு, தலை வெளியே தெரியக் கிடந்தது. மட்டையை எடுத்து முதல் அடியை வைத்தான். துரையின் காது பின்னால் மடிந்தது. பானையும் கெட்ட சத்தம் போட்டது. அவன் மட்டையை வைத்துவிட்டு விரல்நுனியால் தட்டினான். காது நிமிர்ந்தது. உள்ளங்கையால் பானையின் வாயை மூடி மூடித் திறந்தான். பானை மெல்ல முனகியது. அவன் நெற்றியில் வியர்வை கொட்டியது. பத்து டிரங்குப் பெட்டி அடித்தால்கூட அவனுக்கு அப்படி வியர்க்காது. கை ஓங்கப் போகும். பானையைப் பார்ப்பான், பூனையைப் பார்ப்பான், இறக்கிக்கொள்வான்.

நெல்லையப்பன் பாடிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே ஏதோ வித்தியாசமாகப் பட்டது. அவர் குரல் அவருக்குக் கேட்டது. சனங்களுக்கும் கேட்டது. சொல் சொல்லாகக் கேட்டது. இத்தனை வருஷம் குடச்சத்தத்தில் அமுங்கிக் கிடந்த அவருடைய அபசுரங்களும் இரண்டொன்று சேர்ந்து கேட்டன என்று வேண்டாதவர்கள் சொன்னார்கள், அது போகட்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் புலம்புகிற கட்டத்தில் அவர் குரலை இறக்கினார். எத்தனை இறக்கினாலும் பானை அவருக்குக் கீழேயே போனது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். கணேசபாண்டியன் மூக்கைச் சிந்தினார். நெல்லையப்பன் உற்சாகத்தில் அரை மணி நேரம் கூடுதலாகவே பாடினார்.

வாழி பாடி முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. பானையில் ஒரு கீறல் இல்லை.

குழுவினர் சாப்பிட உட்கார்ந்தார்கள். குடத்தை எடுத்துப்போகும் பேச்சை எடுத்ததுமே செண்பகவல்லி மறுத்துவிட்டாள். பெற்ற உடம்பைப் பஸ்ஸில் ஏற்றக் கூடாதாம். குட்டிகள் கண் திறக்கட்டுமாம். ஆறுமுகத்தாயும் அங்கேயே தங்கிவிடுவதாகச் சொன்னாள். மீன்தலை யார் கொடுப்பார்களோ, எப்படிக் கொடுப்பார்களோ என்று அவளுக்குக் கவலை.

இலையில் பொங்கலைப் பிசைந்துகொண்டே மச்சினன் மெதுவாக ஆரம்பித்தான். "அத்தான், வார ஞாயித்துக்கெழம முலுண்டுல நம்ம பாட்டு இருக்கு. கொடத்துக்கு யாரு?"

நெல்லையப்பன் சுக்குத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். தொண்டையைச் செருமினார்.

"ஏன், சொரிமுத்துவுக்கு அன்னைக்கு என்ன சோலி?"

சொரிமுத்து இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் இரண்டாம் முறை பொங்கல் வேண்டுமா என்று கேட்டது அவன் காதில் விழவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் அவனுக்கு உட்கார இடம் கிடைத்தது. செண்பகவல்லி கொடுத்தனுப்பிய மட்கா அவன் மடியில் இருந்தது. சயான் பக்கம் ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்ததால் பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் எல்லாரும் கம்பியைப் பிடித்தார்கள். சொரிமுத்து பிடிக்கவில்லை. இரண்டு கையும் பானையைச் சுற்றியிருந்தன, கோழி முட்டையைப் பிடித்ததுபோல.